ஒரு வாசலுக்கு இரண்டு காவலாளி



“ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் நல்லதுதானே சார்?” என்று சிலர் கேட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1986இல் லாகூரில் பிறந்த ‘பிரெய்ன்’ வைரஸ் பிளாப்பி வழியாக உலகெங்கும் பரவியது. 1991இல் சென்னையில் கேசவர்த்தனன் கே7 நிறுவனத்தைத் தொடங்கினார். புனேயில் கட்கர் சகோதரர்கள் குவிக் ஹீல் கொண்டுவந்தார்கள். டாஸ் காலத்தில் ஒரு பிளாப்பியை இரண்டு ஆன்டிவைரஸால் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கலாம். வேலை முடிந்ததும் அவை நின்றுவிடும், தகராறு இல்லை.

விண்டோஸ் வந்தபின் ஆன்டிவைரஸ் எப்போதும் விழித்திருக்கும் காவலாளியானது. நாம் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் முதலில் அது பார்க்கும். இரண்டு இருந்தால் ஒரே ஃபைலுக்கு இரண்டும் போட்டியிடும். ஒன்று பிடித்து அடைத்த வைரஸை மற்றது புதிதாகப் பிடிக்கும்.

இது தெரியாமல் பள்ளிக் கணினியில் இரண்டு போட்டவன் நான். மதிப்பெண் ஏற்றும் நாளில் ஹேங் ஆகி நின்றது. பென் டிரைவ் செருகிய மாணவனைத் திட்டினேன். பிறகு ஒன்றை நீக்கியதும் சரியாயிற்று. அதற்குள் அவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். இதைப் படித்தால் மன்னித்துவிடு, தம்பி. தவறு என்னுடையது.

விண்டோஸ் 10இல் வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்கிறது. ஒன்று போதும், அதை அப்டேட் செய்து வையுங்கள்.

அன்புடன், செல்லிப்பட்டிலிருந்து உங்கள் ஆசிரியர்.