அழுகல் அன்று, அரிபுண்

பயோடெர்மா கேங்கிரினோசம் என்னும் நோயைச் 'சீழ்த்தோல் அழுகல்' என்று பெயர்த்துவிட்டு, கிரேக்க மூலமே அப்படித்தான் சொல்கிறது என்று வாதிடுவோர் உளர். மூலம் அப்படிச் சொல்லவில்லை. நோயும் அப்படி இல்லை.

முன்சொல்லில் சீழ் உண்டு, மறுக்கவில்லை. 1930இல் மேயோ கிளினிக்கின் பிரன்ஸ்டிங், கெக்கர்மன், ஓலியரி மூவரும் ஐந்து நோயாளிகளை வைத்து இப்பெயரிட்டபோது கிருமியையே காரணமாக எண்ணினர். எண்ணம் விழுந்தது, பெயர் நின்றுவிட்டது. நியூட்ரோபில் என்னும் காவல் அணுக்கள் வரம்பு மீறிக் குவிவதால் வரும் புண் இது.

பின்சொல்லே வழக்கின் மையம். அதன் கிரேக்க மூலமான கேங்கிரைனா, 'கொறி, தின்' எனப் பொருள்படும் கிராஓ என்ற வினை இரட்டித்துப் பிறந்தது. நம் அரித்தல்தான். 1916இல் இதே நோய்க்குப் பாரிசின் லூயி புரோக் இட்ட பெயரிலும் ஃபாகெடைனாதான் இருக்கிறது. அதுவும் தின்னும் புண்ணே. 'வடிவியல்' என்று அடையும் கொடுத்தார். விளிம்பைப் பார்த்தவர் அவர். இப்புண் சிறு கொப்புளமாய்த் தோன்றிச் சில நாளில் குழிந்து, ஊதா விளிம்பு அடியில் குடைபட்டு நிற்கும். ஆறினால் சல்லடைத் தழும்பு.

அழுகல் என்றால் அறுக்கத் தோன்றும். அறுத்தால் இது விரியும். ஓரத்துத் தசையெடுத்துச் சோதித்து, தொற்று, குருதிக்குழல் அழற்சி, புற்று ஆகியவற்றை விலக்கி, குடலழற்சி உண்டா என்று கேட்டபின்பே முடிவுக்கு வரவேண்டும். இந்நோய் என்று முடிவுகட்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு வேறு நோய் என்று 2002இல் மேயோவினரே கணித்தனர். மருந்து, தடுப்பாற்றலை அடக்குவது. பிரெட்னிசோலோனையும் சைக்ளோஸ்போரினையும் 121 பேரிடம் ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வில் (2015) இரண்டும் சமம். ஆறு மாதத்தில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே புண் ஆறியது.

'காயம் வேறு, புண் வேறு. இதைப் புண் என்பதே பிழை' என்பார்க்கு ஒரு சொல். காயம் சித்தர்களுக்கு உடம்பு. வாள் பட்டதையும் புண் என்றதால்தான் விழுப்புண்ணும், சேரலாதன் நாணி வடக்கிருந்த புறப்புண்ணும் நமக்கு உண்டு. ஊசி குத்திய இடமே குழியாகும் நோய்க்கு இரண்டையும் பிரிக்காத அச்சொல்லே பொருந்தும். நான் அரிபுண் என்றே எழுதுவேன்.