பழவேற்காடும் பட்டணத்தின் அடுப்பும்



ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டைகளையும் வீதிகளையும் ஆண்டவர்களையும் பற்றி விரிவாக எழுதுவர். அந்நகரத்தின் அடுப்பு எதனால் எரிந்தது, விளக்கு எதனால் ஒளிர்ந்தது என்று ஆராய்வோர் சிலரே. சென்னையின் அடுப்பையும் விளக்கையும் பற்றி ஆராய்வோர், வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கரை வரை சென்றே தீர வேண்டும்.

பழவேற்காடு, சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுந்து கலக்கின்றது. கடலிலே பிறக்கும் இறால் குஞ்சுகள் இவ்வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கரையோர மீனவச் சிற்றூர்களின் வாழ்வு இந்தப் போக்குவரவையே நம்பியிருக்கின்றது.

இக்கரையில் மனிதன் முதலில் பயன்படுத்திய ஆற்றல் காற்றேயாம். டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பி, சோழமண்டலத் துணிகளைக் கீழ்த்திசை நாடுகளுக்குப் பாய்க்கப்பல்களில் அனுப்பினர். மீனவனின் கட்டுமரத்தையும் அதே காற்றுதான் கொண்டு சென்றது. அக்காற்றுக்கு விலையும் இல்லை; அது விட்டுச் செல்லும் சாம்பலும் இல்லை.

பின்னர்ச் சென்னை வளர்ந்தது. அதன் அடுப்பும் வளர்ந்தது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டி முடிக்கப்பெற்ற கால்வாய், பின்னர்ப் பழவேற்காடு வரையிலும் அதற்கு அப்பாலும் நீட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது கூலிக்கு உழைத்தோரைக் கொண்டு நகருக்குள் இணைப்பும் வெட்டப்பெற்று, ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைத் தாங்கியது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகும், உப்பும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் இக்கால்வாயின் வழியாகப் படகுகளில் நகருக்கு வந்தன. பட்டணத்து வீடுகளில் சோறு கொதித்ததற்கு இந்த ஏரிக்கரை விறகும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது.

விறகின் காலம் கழிந்து நிலக்கரியின் காலம் வந்தது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1994-இல் கழிமுகத்தின் வடபால் வடசென்னை அனல்மின் நிலையமும், 2012-இல் வல்லூர் நிலையமும் அதனைத் தொடர்ந்தன. ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியை இறக்குவதற்கென்றே 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகின்றது. எண்ணூரின் பழைய நிலையம் 2017-இல் மூடப்பட்டது.

இம்மின்சாரத்தால் ஆலைகள் ஓடின. கல்விக்கூடங்களில் விளக்கு எரிந்தது. அந்நன்மையை மறுப்பது நியாயமாகாது. ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் காண வேண்டும். நீரோடு கலந்து குழாய்களில் அனுப்பப்படும் சாம்பல், குழாய் கசிந்த இடங்களில் எல்லாம் கழிமுகத்தில் படிந்தது. ஆழமான நீர் மேடாயிற்று. நிலையத்தைக் குளிர்வித்த சூடான நீரும் அங்கேயே வந்து கலந்தது. இறாலும் நண்டும் குறைந்தன. படிந்த சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீர்செய்ய வேண்டுமெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் ஆணையிட்டது. மின்சாரத்தின் விலையை நாம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகின்றோம். வெறும் வலையோடு திரும்பிய மீனவனின் ஒரு நாள் உழைப்பு அக்கணக்கில் ஏறுவதில்லை.

காற்றுக்கும் கதிரவனுக்கும் திரும்பிவிட்டால் இக்குறை தானே நீங்கிவிடுமா? தமிழகத்தின் வரலாறே இதற்கு விடை கூறுகின்றது. 1986-இல் தூத்துக்குடிக் கரையில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் முப்பந்தல் பகுதியில் அவை பல்கிப் பெருகின. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்டது. வரிச்சலுகையைப் பயன்படுத்தி முதலிட்டோருள் பஞ்சாலை உரிமையாளர் பலராவர். மின்கட்டணம் குறைந்து அவர்கள் தொழில் தழைத்தது. நிலத்தை விற்ற மானாவாரி உழவருக்கோ அன்று பெற்ற கிரயமே மிஞ்சியது. புகையும் சாம்பலும் இல்லாத ஆற்றலிலும் ஆதாயம் உடைமையாளரையே சேரும் என்பதை இது காட்டுகின்றது.

இப்பொழுது காற்றாலைகள் கடலுக்குள்ளும் இறங்கவிருக்கின்றன. தமிழகக் கடலில் 500 மெகாவாட்டும் குசராத்துக் கடலில் 500 மெகாவாட்டும் நிறுவுவதற்கு உதவி அளிக்க நடுவண் அமைச்சரவை 2024-இல் இசைந்தது. அக்கடலிலும் வலை வீசுவோர் இருக்கின்றனர். யாருடைய நீர், யாருக்கு ஆதாயம் என்னும் பழைய கேள்வி மீண்டும் எழுகின்றது.

இக்கேள்விக்குப் பழவேற்காடு ஒரு விடையை நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கின்றது. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒருபடியாகக் கிடைப்பதில்லை. ஆதலால் கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர், சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்கின்றனர். இன்று நல்ல இடம் ஒரு குழுவுக்கு என்றால், நாளை அது மற்றொரு குழுவுக்கு. வலியவன் வளமான நீரை என்றும் தனதாக்கிக்கொள்ள இயலாது. இம்முறை குறையற்றது அன்று; ஊருக்கும் குலத்துக்கும் புறம்பானோருக்கு அதில் பங்கில்லை. ஆயினும் பொதுநீரின் பயன் முறைவைத்துப் பகிரத் தக்கது என்னும் அதன் அடிப்படை உயர்ந்ததேயாம்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள். சிலர் திட்டம் தீட்டுவீர்கள். எந்த ஆற்றலைத் தேர்ந்தாலும், அது எத்தனை மெகாவாட்டு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அதன் சாம்பல் எவர் நீரில் விழுகின்றது, அதன் ஊதியத்தில் கரையோரச் சிற்றூருக்குப் பாடு உண்டா என்றும் கேளுங்கள். இருநூறு ஆண்டுகளாகப் பட்டணத்தின் அடுப்புக்கு உதவிய கரைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.