புது கார் எடுத்தாச்சா? முதல் டேங்க் பெட்ரோலும் மைலேஜ் கணக்கும்... தெரிஞ்சுக்க வேண்டியவை!

விக்கிரமசிங்கபுரத்துக்காரர் ஒருவர் திருநெல்வேலியில் புது கார் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாக வீடு வந்து சேர்கிறார். மறுநாள் குடும்பத்தோடு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மலையேறுகிறார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், லிட்டருக்கு 20 கி.மீ. என்று சொன்ன கார் 13 தான் காட்டுது! கார்ல கோளாறா, பங்க்ல அளவு குறைச்சலா? பதற வேண்டாம். முதல் வார மைலேஜை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஏன்?

முதல் தடவை பங்க் போகும்போது...

டெலிவரி எடுக்கும் காரில் பெரும்பாலும் சில லிட்டர் எரிபொருள்தான் இருக்கும். அதனால் முதல் வேலை, பக்கத்து பங்க் எங்கே என்று கேட்பது. டேங்க் மூடியில் பெட்ரோலா, டீசலா என்று எழுதியிருக்கும். அதை ஊழியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க. மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கான்னு பாருங்க. ஒருவேளை எரிபொருள் மாறிப்போனால் காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, டேங்கைக் காலி செய்ய வைக்க வேண்டும்.

வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையல்ல. இந்தியன் ஆயில் நிறுவனமே இதை மறுத்திருக்கிறது. ஆனால் பம்ப் தானாக நின்ற பிறகும் 'ரவுண்டா போடுங்க' என்று கழுத்து வரை நிரப்பக் கூடாது. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் இறங்கிப் பழுதாகலாம்.

அந்த 20 எங்கிருந்து வந்தது?

புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ போன்ற சோதனை மையங்களில், உருளைகள் மேல் காரை ஓடவிட்டு அளக்கும் எண் இது. அங்கே மேடு பள்ளம் இல்லை, மாடு குறுக்கே வராது, ஏசியும் ஓடாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிடத்தான் இந்த எண் உதவும். நம்ம ரோட்டில் அப்படியே கிடைக்கும் என்ற வாக்குறுதி அல்ல.

பாபநாசம் தாண்டினால் கணக்கே வேற

சோதனைச்சாவடி தாண்டி காரையாறு பக்கம் ஏறும்போது முதல், இரண்டாம் கியரிலேயே போக வேண்டியிருக்கும். எரிபொருள் கூடுதலாகத்தான் செலவாகும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது தவறு, ஆபத்தும்கூட. கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால், இன்றைய கார்களில் இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் ஓடுவதற்கு எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். பாரம் முழுவதும் பிரேக் மேலேயே விழும். இது புலிகள் காப்பகப் பகுதி. வழியில் போட்டுக்கலாம் என்று நம்பாமல் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

இ20 பெட்ரோலால் குறையுமா?

குறையும். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இ20-க்கு ஏற்ப அமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் அளித்தது. அப்படியென்றால் 20 கி.மீ. 13 ஆனதற்கு எத்தனால் மட்டும் காரணமாக முடியாது.

சரியா கணக்கு போடுவது எப்படி?

* பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணம்: 1,212 கி.மீ.
* வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த முறை அதே பங்க்கில், அதே மாதிரி நிரப்புங்கள். 24 லிட்டர் பிடிக்கிறது, ஓடோமீட்டர் 1,620 காட்டுகிறது என்றால், ஓடியது 408 கி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் 17.
* இப்படி மூன்று, நான்கு டேங்க் பார்த்து சராசரி எடுங்கள். டிஸ்ப்ளேயில் வரும் எண் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.
* முதல் 1,000 கி.மீ. வரை விரட்டி ஓட்ட வேண்டாம். டயர் காற்று எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவருகே ஸ்டிக்கரில் இருக்கும்.

எப்போது கேள்வி கேட்கலாம்?

சமவெளி ரோட்டிலும் தொடர்ந்து குறைவாகவே வந்தால், குறித்து வைத்த கணக்கோடு முதல் சர்வீஸில் காட்டுங்கள். பங்க் அளவில் சந்தேகம் என்றால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. பில்லையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க.