யுபிஐ பணத்துக்குப் பின்னால் ஓடும் எக்ஸ்எம்எல்: '00471' வெறும் '471' ஆவது எப்படி? எளிய விளக்கம்

டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறீர்கள். 20 ரூபாய் போகிறது. கடைக்காரரின் ஸ்பீக்கர் பணம் வந்ததைச் சொல்கிறது. மொத்தமே சில நொடி வேலைதான்.

அந்த சில நொடிக்குள் உங்கள் ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, பணம் எடுக்கப்படும் வங்கி, பணம் சேரும் வங்கி என எல்லோரும் தகவல் பரிமாறிக்கொள்கிறார்கள். யுபிஐயில் இந்தத் தகவல்கள் எக்ஸ்எம்எல் வடிவத்தில் போகின்றன. போய்ச் சேரும் ஒவ்வொரு இடத்திலும் அந்த எழுத்துகளை கம்ப்யூட்டர் தனக்குப் புரியும் 'ஆப்ஜெக்ட்' ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். தப்பு நடக்க வாய்ப்புள்ள இடமும் அதுதான்.

எக்ஸ்எம்எல் என்றால் என்ன?

தகவலுக்குப் பெயர் எழுதி ஒட்டி அனுப்பும் முறை. 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பு இதைத் தரநிலையாக வெளியிட்டது. டேக் பெயர்களைத் தமிழிலேயே கூட எழுதலாம். உதாரணத்துக்கு:

<பரிமாற்றம்>
<பெயர்>கயல்விழி</பெயர்>
<கணக்கு>00471</கணக்கு>
<தொகை>250.10</தொகை>
</பரிமாற்றம்>

மனிதர் படித்தாலும் புரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு இது வெறும் எழுத்து வரிசை. 250.10 என்பது பணம் என்றோ, அதைக் கூட்டிக் கழிக்கலாம் என்றோ அதற்குத் தெரியாது.

ஆப்ஜெக்ட் என்றால்?

புரோகிராம் ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் தகவல் தொகுப்பு. இதில் பெயருக்கு ஒரு இடம், கணக்கு எண்ணுக்கு ஒரு இடம், தொகைக்கு ஒரு இடம் இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் 'இது எழுத்து', 'இது முழு எண்', 'இது தசம எண்' என்று ஒரு வகை உண்டு.

ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல் ஆக்குவதற்கு மார்ஷலிங் அல்லது சீரியலைசேஷன் என்று பெயர். எக்ஸ்எம்எல்லைத் திரும்ப ஆப்ஜெக்ட் ஆக்குவது அன்மார்ஷலிங் அல்லது டீசீரியலைசேஷன். ஜாவாவில் ஜாக்ஸ்பி, டாட்நெட்டில் எக்ஸ்எம்எல் சீரியலைசர் போன்ற லைப்ரரிகள் இந்த வேலையைச் செய்கின்றன. எந்த டேக் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், மீதியை லைப்ரரியே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் என்ன பிரச்சினை?

எந்த இடத்துக்கு எந்த வகை என்பதை முடிவு செய்வது புரோகிராம் எழுதுபவர். அங்கே சறுக்கினால் பெரும்பாலும் எர்ரர் கூட வராது. தகவல் சத்தமில்லாமல் மாறிவிடும்.

• முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போகும்: கணக்கு எண்ணை முழு எண்ணாக வைத்தால் 00471 என்பது 471 ஆகிவிடும். திரும்ப எக்ஸ்எம்எல் ஆக்கும்போது 471 என்றே எழுதப்படும். கணக்கு எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை. அதனால் அதை எழுத்தாக வைப்பதே சரி.

• பைசா கணக்கு இடிக்கும்: தொகையை 'டபுள்' வகையில் வைத்தால் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பணத்துக்கு ஜாவாவில் பிக்டெசிமல், டாட்நெட்டில் டெசிமல் வகைதான் பாதுகாப்பு.

• 'தெரியாது' என்பது 'பூஜ்ஜியம்' ஆகும்: தொகை டேக்கே வராமல் போனால், சாதாரண எண் வகையில் அந்த இடத்தில் 0 இருக்கும். தொகை வரவில்லை என்பதும் தொகை பூஜ்ஜியம் என்பதும் ஒன்றல்ல, இல்லையா?

• டேக் பெயரில் ஒரு எழுத்து பிசகினால்: அறிமுகமில்லாத டேக்கை ஜாக்ஸ்பி, எக்ஸ்எம்எல் சீரியலைசர் இரண்டுமே வழக்கமான அமைப்பில் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

ஹேக்கர்களுக்கும் இது வாசலா?

ஆமாம். வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல்லை அப்படியே நம்பினால் ஆபத்துதான். 2017 செப்டம்பரில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ரெஸ்ட் பிளக்இன்னில் பெரிய ஓட்டை ஒன்று வெளியானது. அது பயன்படுத்திய எக்ஸ்ஸ்ட்ரீம் லைப்ரரி, எந்த வகை ஆப்ஜெக்ட் உருவாகலாம் என்று வடிகட்டாமல், வந்த எக்ஸ்எம்எல் கேட்ட வகையிலேயே உருவாக்கியது. இதனால் வெளியாள் அனுப்பும் கட்டளையை சர்வரிலேயே ஓட்ட முடிந்தது. பிறகு திருத்திய பதிப்பு வந்தது.

'பில்லியன் லாஃப்ஸ்' என்ற தாக்குதலும் பிரபலம். ஒன்றுக்குள் பத்து, அதற்குள் பத்து என அடுக்கி எழுதிய குட்டி எக்ஸ்எம்எல், திறக்கும்போது நூறு கோடி சொற்களாக விரிந்து நினைவகத்தை நிரப்பிவிடும். டிடிடி எனப்படும் வசதியை அணைத்து வைப்பதே இதற்கு மருந்து.

ஜேசான் வந்த பிறகும் எக்ஸ்எம்எல் எதற்கு?

மொபைல் ஆப்களில் இப்போது ஜேசான் வடிவம்தான் அதிகம். ஜாவாவே 2018-ல் வந்த 11-வது பதிப்பில் ஜாக்ஸ்பியை உள்ளிருந்து எடுத்துவிட்டது. இப்போது அதைத் தனி லைப்ரரியாகச் சேர்க்க வேண்டும். இருந்தாலும் எக்ஸ்எம்எல் போய்விடவில்லை. வங்கிகளுக்கு இடையிலான ஐஎஸ்ஓ 20022 தகவல்கள், ஆதார் ஆஃப்லைன் இ-கேஒய்சி ஃபைல், வேர்ட் மென்பொருளின் டாக்ஸ் ஃபைல் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல்தான்.

தப்பைத் தடுப்பது எப்படி?

முதலில், எந்த டேக்கில் என்ன வகைத் தகவல் வர வேண்டும் என்று சொல்லும் 'ஸ்கீமா'வை வைத்து, வந்த எக்ஸ்எம்எல்லைச் சோதிக்க வேண்டும். ஸ்கீமாவுக்குப் பொருந்தாததை உள்ளேயே விடக் கூடாது.

அடுத்து, போய்வரும் சோதனை. எக்ஸ்எம்எல்லை ஆப்ஜெக்ட் ஆக்கி, அதைத் திரும்ப எக்ஸ்எம்எல் ஆக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். சோதனைக்கு 12345 மாதிரி சுலபமான எண்ணைக் கொடுத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் கணக்கு எண், பைசாவோடு கூடிய தொகை, விடுபட்ட டேக், தமிழ்ப் பெயர் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். 00471 போய், 00471 ஆகவே திரும்பி வந்தால்தான் அந்தப் புரோகிராம் பாஸ்.