மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம்

குழந்தை இறப்பைப் பற்றிய பழைய அரசு அறிக்கைகளிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் 'அறியாமை மிக்க தாய்' திரும்பத் திரும்ப வருவாள். குழந்தை செத்தால் காரணம் அவளுடைய அறியாமை. அவளுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும், குழந்தை பிழைக்கும். குடிநீர், கூலி, வீடு எதுவும் இந்தக் கணக்கில் வராது. 1980களில் வங்கதேசத்தில் நடந்த ஒரு பெரும் முயற்சியின் வரலாறு இந்தக் கதையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. புதிய மருத்துவ அறிவு ஒரு தாயிடம் போய்ச் சேரும்போது, கற்றுக்கொள்ள வேண்டியவள் அவள் மட்டும்தானா?

வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான். 1960கள் வரை இதற்கு மருத்துவம் தந்த முதன்மையான பதில், நரம்பு வழியாக ஏற்றும் சலைன். அதற்கு மருத்துவமனை வேண்டும், ஊசி வேண்டும், பயிற்சி பெற்ற கை வேண்டும். உப்போடு சர்க்கரையும் சேர்ந்தால் நோயுற்ற குடலும் நீரை உறிஞ்சும் என்பது அந்தப் பத்தாண்டில் தெளிவாயிற்று. டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் நடத்திய சோதனை 1968இல் வெளியானது. வாய்வழியே கொடுத்த கரைசலால் காலரா நோயாளிகளுக்குத் தேவைப்பட்ட சலைனின் அளவு பெருமளவு குறைந்தது.

1971இல் போருக்குத் தப்பி இலட்சக்கணக்கானோர் இந்திய எல்லைக்குள் வந்தார்கள். பங்காவ் முகாமில் காலரா பரவியது, சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பு, சர்க்கரைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. தாய்மாரும் உறவினர்களும் கையில் குவளையோடு செய்த வேலை அது.

முகாமில் நடந்ததைக் கிராமத்து வீடுகளில் நடத்துவது எப்படி? பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980இல் அதைத் தொடங்கியது. பொட்டலம் கிடைக்காத இடத்தில் சமையலறைப் பொருள்களே மருந்தாயின. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். இளம்பெண்கள் குழுக்களாகக் கிராமங்களில் தங்கி, வீடு வீடாகப் போய், தாயைத் தன் கையாலேயே கரைசலைச் செய்யவைத்தார்கள். பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனார்கள்.

அவர்களுடைய ஊதியம் கணக்கிடப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து சில தாய்மாரைத் தேர்ந்து கேள்வி கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பவே கற்பித்தவருக்குக் கூலி. மாணவி தேறாவிட்டால் ஆசிரியைக்குத்தான் மதிப்பெண் குறையும்.

தாய்மார் தேறினார்கள். செய்முறையைப் பிசகாமல் சொன்னார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே என்று தொடக்கக் கணக்கெடுப்புகள் காட்டின. பழைய பாணியில் 'இவர்களுக்குச் சொன்னாலும் புரியாது' என்று முடித்திருக்கலாம். பிராக் ஆய்வாளர்கள் அப்படி முடிக்காமல் பெண்களிடமே கேட்டார்கள்.

நாம் மாந்தம், சீதபேதி, வாந்திபேதி என்று பிரித்துச் சொல்வதுபோல, அந்தப் பெண்களிடம் நான்கு பெயர்கள் இருந்தன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வருவது 'தூத் ஹாகா'. செரிக்காமல் வருவது 'அஜீர்ணோ'. சீதமும் இரத்தமும் போவது 'ஆமாஷா'. தண்ணீராய்ப் பீறிட்டு உயிரைக் குடிப்பது 'டயேரியா'. கற்பிக்க வந்தவர்கள் பயன்படுத்திய சொல்லும் 'டயேரியா'தான். எனவே தாய்மார் அந்த ஒன்றுக்கே இது மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். வகை பிரித்துப் பார்த்தபோது, 'டயேரியா'வுக்குக் கரைசல் கொடுத்தவர்கள் அதிகம்; 'தூத் ஹாகா'வுக்குக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. உடலின் நீர் வேகமாக வற்றுவதும் அந்தத் தண்ணீர்ப் போக்கில்தான். தாயின் பகுப்பில் அறிவு இருந்தது. கணக்கெடுத்தவரின் கேள்வியில் அந்தப் பகுப்புக்கு இடமில்லை.

இன்னொன்றும் வெளிவந்தது. கற்பித்த பணியாளர்கள் பலருக்கே இந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை. அவர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. பிறகு தாயின் முன்னால் தாங்களே அதைக் குடித்துக் காட்டினார்கள். பெண்களிடம் மட்டும் பேசியதால் ஒதுங்கி நின்ற ஆண்களிடமும் சந்தையிலும் மசூதியிலும் பேசத் தொடங்கினார்கள். வீட்டில் என்ன செய்யலாம் என்பதைத் தாய் ஒருத்தி மட்டும் முடிவு செய்வதில்லை என்பது இப்படித்தான் திட்டத்துக்குள் வந்தது.

இந்த வெற்றியை முழுமையாகக் கொண்டாடவும் முடியாது. கரைசல் குழந்தையைக் காப்பாற்றும். அடுத்த மாதம் அதே குளத்து நீரால் மீண்டும் நோய் வரும். உப்பையும் வெல்லத்தையும் தாயின் கையில் கொடுப்பது, குழாயும் கழிப்பறையும் கொடுப்பதைவிட மலிவானது. 1982இல் யுனிசெஃப் அறிவித்த குழந்தை உயிர்காப்புத் திட்டத்தில் வளர்ச்சிக் கண்காணிப்பு, வாய்வழிக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்ற நான்கும் முதலில் வந்தன. நான்கையும் நடத்திக்கொடுக்க வேண்டியவள் தாய். பெண்கல்வியும், பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளியும், உணவும் பிறகு சேர்க்கப்பட்டவை. அவளுடைய உழைப்பு முதலில் கணக்கில் வந்தது, அவளுடைய வாழ்க்கை பிறகுதான் வந்தது.

இன்றும் குழந்தை நலம் பற்றிய ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பும் தாய்க்கான இன்னொரு கடமையாகவே வீட்டுக்குள் வருகிறது. அவற்றை நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கற்பிக்க வருபவர் நம்மிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், கற்றதைச் செய்ய நேரமும் நீரும் பணமும் யார் தருவார் என்ற கேள்விகளையும் கூடவே கேட்க வேண்டும். வங்கத்துக் கிராமத்துப் பெண்களின் நான்கு சொற்களைக் காதுகொடுத்துக் கேட்ட பிறகே கற்பித்தவர்களின் கணக்கு நேரானது.