லொறித் தட்டிலே பிறந்த நாடகம்

1946ஆம் ஆண்டு. கலிபோர்ணியாவிலே பருத்தி பறித்துப் பிழைத்த குடும்பமொன்றின் ஆறு வயதுச் சிறுவன், தான் மதிய உணவு கொண்டுசென்ற கடதாசிப் பையைக் காணாது தேடினான். ஆசிரியை அதனைக்கொண்டு பள்ளி நாடகத்துக்குக் குரங்கு முகமூடி செய்துகொண்டிருந்தார். அந்நாடகத்தில் அவனுக்கும் ஒரு வேடம் கிடைத்தது. ஆனால் மேடையேறு முன்னரே குடும்பம் இடம்பெயர நேர்ந்தது. அச்சிறுவனே லூயிஸ் வால்டெஸ்.

1965 செப்டெம்பரில், அவர் பிறந்த டெலானோவிலேயே திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிலிப்பினோத் தொழிலாளர் முதலில் தொடங்க, எட்டு நாட்களின் பின் சீசர் சாவேஸின் சங்கமும் இணைந்தது. நாடகக் குழு அமைக்கும் எண்ணத்துடன் வால்டெஸ் சாவேஸை நாடினார். சங்கத்திடம் பணமுமில்லை, அரங்குமில்லை, நடிகருமில்லை. வால்டெஸ் சிலரின் கழுத்திலே அட்டைகளைத் தொங்கவிட்டார். ஒன்றிலே 'வேலைநிறுத்தக்காரன்', மற்றொன்றிலே 'கருங்காலி'. மறியலிலே கண்டதை அவர்கள் நடித்துக் காட்டக் கூடியிருந்தோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். 'எல் தியாத்ரோ கம்பெசினோ' என்னும் உழவர் அரங்கு இவ்வாறே தோன்றியது. லொறித் தட்டே அதன் மேடை.

அவ்வாண்டிலே எழுதப்பட்ட குறுநாடகமொன்றில், பன்றி முகமூடியணிந்த முதலாளி, செல்வத்தைக் கட்டிக்காப்பது பெரும்பாரமென நொந்து, தன் முகமூடியைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிடுகிறார். தொழிலாளி முதலாளியாகிறான். முன்னாள் முதலாளியோ, தன் காவலாளே தன்னை இழுத்துச் செல்ல, சாவேஸைக் கூவியழைக்கிறார்! சுரண்டலின் இயல்பை இத்துணை எளிதாக விளக்கிய நூல்கள் மிகச் சிலவே.

1966இல் சாக்ரமென்ரோவுக்கு நடைபெற்ற நெடும்பயணத்திலே குழுவும் உடன்சென்று நடித்தது. மறு ஆண்டு அது சங்கத்தைவிட்டுப் பிரிந்தது. கலை, அன்றாடப் போராட்டத்தின் கட்டளைக்கு மட்டுமே ஆட்பட்டிருக்க முடியுமா என்ற வினா அங்கே எழுந்தது, இன்றும் தீர்ந்தபாடில்லை.

1978இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவரது 'சூட் சூட்' மேடையேறியது. 1942இல் நிகழ்ந்த கொலையொன்றின் பேரில், பெரும்பாலும் மெக்சிக்கோ வழிவந்த இளைஞர் 17 பேர் 1943இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். 1944இல் அத்தீர்ப்பு தள்ளுபடியானது. இந்நாடகத்திலே பத்திரிகையே ஒரு பாத்திரம். வழக்குத் தொடுநரும் அதுவே. தம் கதையைத் தாமே மேடையிற் கண்ட மக்கள் திரண்டு வந்தனர். 1979இல் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்குக்கு அது சென்றது. சிக்கானோ எழுத்தாளரின் நாடகமொன்று அங்கு ஏறியது அதுவே முதன்முறை. ஐந்து வாரங்களில் திரை விழுந்தது. அங்குள்ள விமர்சகர் பலர் முகஞ்சுளித்தனர். இடதுசாரி நண்பர் சிலரோ, வால்டெஸ் சந்தைக்குச் சென்றுவிட்டார் என்றனர். பின்னையது முற்றிலும் நியாயமன்று என்பதே எம் கருத்து: களத்து மக்களின் வாழ்வைப் பெருநகர் மேடைக்கு உரியதாக்குதலும் ஒரு போராட்டமே.

2017இல், தமது 76ஆவது வயதில், லொஸ் ஏஞ்சல்ஸிலே முதலில் ஏறிய அதே அரங்கில், அந்நாடகத்தை வால்டெஸ் மீண்டும் தாமே நெறிப்படுத்தினார்.