மரத்துக்கும் ஒரு நினைவுக்கல்



அரசர்களுக்குச் சிலை உண்டு, போரில் மாண்டவர்களுக்குத் தூண் உண்டு. மரத்துக்குமா நினைவுச் சின்னம் என்று கேட்பீர்கள். உண்டு. அதுவும் நம் வயிற்றுப்பாட்டோடு ஒட்டிய இரண்டு மரங்களுக்கு.

இந்தோனேசியாவிலே போகோர் தாவரப் பூங்கா 1817-இல் தொடங்கப்பட்டது. 1848-இல் அங்கே நான்கு செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். அவற்றின் வழிவந்த விதைகள் சுமத்ராவுக்குப் போயின. அங்கிருந்து சிலாங்கூருக்கு வந்தன. 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு. ஜெஞ்சாரோமிலிருந்து கேரித் தீவு வரை நாம் பார்க்கிற செம்பனைக்குத் தாய்வழி தேடிப் போனால், பெரும்பாலும் அந்த நான்கில்தான் போய் நிற்கும். அந்த மரங்கள் பட்டுப்போய்விட்டன. அவற்றின் நினைவாகப் பூங்காவிலே ஒரு சின்னம் நிற்கிறது.

ரப்பரின் கதை இதைவிடச் சுவையானது. 1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு! மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அதில் ஒரு மரத்தை வேலியடைத்து, கல் நட்டுக் காக்கிறார்கள். பேராக் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.

ஆனால் மரம் வந்தால் மட்டும் போதுமா? பிரேசிலில் கோடரியால் கொத்திப் பால் எடுத்ததால் மரம் புண்ணாகிப் போகும். 1888-இல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, அதே கோட்டைத் திரும்பத் திரும்பச் சீவினால் பாலும் வரும், மரமும் பிழைக்கும் என்று காட்டினார். ரப்பர் நடச் சொல்லி விடாமல் நச்சரித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர். அந்தப் பைத்தியக்காரர் நூறு வயது வாழ்ந்து 1956-இல் காலமானார்.

மரத்துக்குக் கல் வைத்தார்கள், நல்லது. இருட்டோடு பெரட்டுக்குப் போய், கொசுக்கடியில் நிரை நிரையாக நடந்து அந்தக் கோட்டைச் சீவிய கைகளுக்கு?

எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்ட அன்று, பாட்டி தம் நிரையின் கடைசி மரத்திலிருந்து ஒரு மங்கை எடுத்து வந்தார். இன்றும் அது எங்கள் சாமி மேடையில் இருக்கிறது. திருநீறு போட்டு வைத்திருக்கிறோம்.